டேங்க்கில் ஒட்டிய 13 நட்சத்திரம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். பைக்குக்கு ரேடியம் கட்டிங், பனியனில் ஸ்கிரீன் பிரிண்டிங், திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ், கட்சிக்காரர்களுக்குக் கொடி எல்லாம் செய்கிறோம். யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும் அளவு கேட்போம், எத்தனை வேண்டும் என்று கேட்போம். இது என்ன படம் என்று கேட்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. அந்த வழக்கம் வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒத்தக்கடையிலிருந்து கல்லூரித் தம்பி ஒருவர் வந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் காட்டினார். சிவப்புத் துணி, அதன் மேல் பெருக்கல் குறி மாதிரி நீலப் பட்டை, பட்டைக்குள் வெள்ளை நட்சத்திரங்கள். பைக் டேங்க்கின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், நண்பர்களுக்கு 6 பனியனும் வேண்டும் என்றார்.

"என்ன கொடி தம்பி இது?"

"ரெபல் கொடிண்ணே. யாருக்கும் அடங்க மாட்டோம்னு அர்த்தம். கெத்தா இருக்கும், போட்டுக் குடுங்க."

மங்கலான படம் அப்படியே அச்சுக்கு ஆகாது. கோரல் டிராவில் புதிதாக வரைய வேண்டும். நட்சத்திரத்தை எண்ணி எண்ணி வைத்தேன். 13 வந்தது. ஏன் 13 என்று அப்போது தோன்றவே இல்லை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மாதிரிக்கு ஒரு பனியனைக் கடை வாசலிலும் தொங்கவிட்டேன்.

அந்தப் பனியனைப் பார்த்துப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் நின்றுவிட்டார். மகள் வீட்டுக்கு அட்லாண்டா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். "இதை எதுக்குங்க தொங்க விட்டிருக்கீங்க? எங்க மக வீட்டுக்கு அடுத்த வீடு கறுப்பினக் குடும்பம். இந்தக் கொடி கட்டின வண்டி தெருவுல நின்னா, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்குவாங்க" என்றார். அப்போதே கழற்றி உள்ளே வைத்தேன். அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் 1860-61-ல் பிரிந்துபோய்த் தனிக் கூட்டமைப்பு வைத்தன. அதன் படைகள் போர்க்களத்தில் ஏந்திய கொடி இது. பிரிந்தவை 11 மாநிலங்கள். கென்டக்கி, மிசௌரி இரண்டையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு 13 நட்சத்திரம் வைத்தார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கூட்டமைப்பின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், 1861 மார்ச்சில் சவானா நகரத்தில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமையாக இருப்பதே அவருடைய இயல்பான நிலை, இந்த உண்மையின் மேல்தான் எங்கள் அரசு நிற்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். தம்பி "யாருக்கும் அடங்க மாட்டோம்" என்று நினைத்து வாங்கிய கொடி, மனிதரை அடக்கி விலைக்கு விற்கும் உரிமைக்காகப் பறந்த கொடி.

1865-ல் அந்த உள்நாட்டுப் போரில் தோற்றார்கள். கொடி போகவில்லை. தென் கரோலினாவில் 1961-ல், போரின் நூற்றாண்டு நினைவு என்று சொல்லி, சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே ஏற்றினார்கள். கறுப்பின மக்கள் சம உரிமைக்காகத் தெருவில் நின்ற காலம் அது. நூற்றாண்டு முடிந்தும் இறக்கவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு 2000-ல் உச்சியிலிருந்து எடுத்து, அதே வளாகத்தில் ஒரு கம்பத்தில் வைத்தார்கள். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்த கறுப்பினத்தவர் 9 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். இந்தக் கொடியோடு படம் எடுத்து வைத்திருந்தவன் அவன். துக்கத்துக்காக நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் பாதிக் கம்பத்துக்கு இறங்கின. இது மட்டும் முழு உயரத்தில் பறந்தது. சட்டமன்றம் முடிவு செய்யாமல் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த வரிக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

பத்து நாள் கழித்து பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றினார். அவரைக் கைது செய்துவிட்டு மறுபடியும் ஏற்றினார்கள். சட்டமன்றம் ஓட்டுப் போட்டு, ஜூலை 10 அன்றுதான் நிரந்தரமாக இறங்கியது.

கொடி இருக்கட்டும் என்றவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பாட்டன்மார் இதன் கீழ் நின்று செத்தார்கள், இது மரியாதை, வெறுப்பில்லை என்றார்கள். சிலர் மனதார அப்படி நினைத்திருக்கலாம். தன் வீட்டில் கட்டிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் தடை சொல்வதுமில்லை. ஆனால் சட்டமன்றம் அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தமான வாசல். அங்கே பறந்தால் அவர்கள் பேராலும் பறக்கிறது.

நமக்கு இது புதிய பேச்சா? சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுக்கும் இதே நியாயம்தான் சொல்கிறார்கள், எங்க முன்னோர் பெருமை என்று. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் உடன்படித்தவர்களே வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கட்டியவனுக்குப் பெருமையாகத் தெரியும் கயிறு, பக்கத்து பெஞ்சுப் பையனைத் தள்ளி உட்காரச் சொல்கிறது. இங்கே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2025 ஜனவரியில், பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரத்தில் அகற்றச் சொன்னது. மேல்முறையீடுகளும் நடந்தன. கொடி அடித்துப் பிழைக்கிற எங்களுக்கு அது வியாபார நட்டம்தான். ஆனாலும் பாதை எல்லோருக்கும் பொது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இவ்வளவிலும் என்னை உலுக்கியது வேறொன்று. 2015-ல் அந்தக் கொலைகளுக்குப் பிறகு வால்மார்ட், அமேசான் எல்லாம் இந்தக் கொடியை விற்பதை நிறுத்தின. பென்சில்வேனியாவில் கொடி தயாரிக்கும் வேலி ஃபோர்ஜ் என்ற நிறுவனம் இனி இதைத் தயாரிப்பதே இல்லை என்று அறிவித்தது. கொடி தைக்கிறவர்களே எடுத்த முடிவு! அச்சடிப்பவனுக்கு என்ன பொறுப்பு என்று அதுவரை என்னிடம் யாராவது கேட்டிருந்தால், காசு வாங்கினோம், அடித்துக் கொடுத்தோம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது தெரியாத சின்னம் வந்தால், வரைவதற்கு முன் கூகுளில் அந்தப் படத்தையே கொடுத்துத் தேடுகிறேன். இரண்டு நிமிட வேலை. ஒருமுறை சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம், நடுவில் சாய்ந்த கறுப்பு சுவஸ்திகம் கேட்டு ஒருவர் வந்தார். நம் கணக்கு நோட்டில் மஞ்சள் குங்குமத்தில் போடுவது வேறு, இது நாஜிக் கொடி, ஜெர்மனியில் பொது இடத்தில் காட்டினாலே குற்றம் என்று சொன்னேன். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சாதி நிறத்தில் மாணவர்களுக்குக் கைப்பட்டை கேட்டு வருபவர்களையும் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த கடையில் செய்து தருவார்கள் என்பது தெரியும். அதனால்தான் அடுத்த கடைக்காரர்களே, உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒத்தக்கடைத் தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எனக்குத் தெரியாதுண்ணே" என்றார். மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹீட் கன்னில் சூடு காட்டி உரித்து, பசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. 6 பனியனில் 4 திரும்பி வந்தன. மீதி 2 யாரிடம் இருக்கின்றன என்று தம்பி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.