ஒரு சமக்குறி குறைந்தால்: ரஸ்ட் மொழியின் நிபந்தனைக் கூற்று

2003 நவம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் மூலநிரல் நகல் ஒன்றில் யாரோ இரண்டு வரிகளைச் செருகியிருந்தார்கள். 'பயனர் எண் 0 தானா?' என்று கேட்பதுபோல் தோன்றிய அந்த நிபந்தனையில், இரண்டு சமக்குறிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. சி மொழியில் இரட்டைச் சமக்குறி ஒப்பிடும். ஒற்றைச் சமக்குறியோ மதிப்பை எழுதிவிடும். ஆகவே அந்த வரி பயனர் எண்ணைச் சோதிக்காமல் அதை 0 ஆக்கியிருக்கும்; லினக்ஸில் 0 என்பது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் எண். எழுதப்பட்ட அந்த 0-வே நிபந்தனையின் விடையாகி, சி மொழியில் 0 என்றால் பொய் என்பதால் நிபந்தனை மெய்யானால் மட்டும் இயங்கும் 'இஃப்' தொகுதி இயங்காமல், வெளியே எந்தச் சுவடும் தெரியாமல் நிரல் தொடர்ந்திருக்கும். முதன்மைக் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் நகலில் மட்டும் இருந்ததால்தான் அது பிடிபட்டது.

2015 மே மாதம் 1.0 பதிப்பைக் கண்ட ரஸ்ட் நிரல்மொழியில் இந்த வரி, நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரையே தாண்டாது. அங்கே நிபந்தனையின் விடை 'பூல்' வகையாக, அதாவது மெய் அல்லது பொய்யாக மட்டுமே இருக்கலாம். முழு எண்ணைக் கொடுத்தால் கம்பைலர் மறுத்துவிடும். மதிப்பை எழுதும் செயலுக்கோ ரஸ்டில் 'யூனிட்' எனப்படும் வெற்று மதிப்பே விடை என்பதால், ஒற்றைச் சமக்குறியைத் தவறி இட்டாலும் வகை பொருந்தாது. இன்றைய சி கம்பைலர்களும் இதை எச்சரிக்கும்தான். ஆனால் எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்து போகலாம், பிழையைக் கடக்க முடியாது.

நிபந்தனைக்குப் பின்வரும் தொகுதியை நெளிவு அடைப்புக்குள் இடுவதும் கட்டாயம். அடைப்பில்லாத 'இஃப்' ஒன்றின் கீழே 'தோல்விப் பகுதிக்குத் தாவு' எனப் பொருள்படும் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி இருமுறை பதிவாகி, இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே விழுந்து எப்போதும் இயங்கியதால், ஆப்பிள் சாதனங்களில் பாதுகாப்பு இணைப்பின் கையொப்பச் சோதனையே நடக்காமல் போனது 2014-இல் தெரியவந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ரஸ்டில் 'இஃப்' தானே ஒரு மதிப்பைத் தரும். 'அவசரம்' மெய்யானால் 10, இல்லாவிட்டால், அதாவது 'எல்ஸ்' எனில், 60 என்று எழுதி, வரும் விடையை நேராக 'வரம்பு' என்ற மாறியில், அதாவது மதிப்பைச் சேமிக்கும் பெயரில், வைக்கலாம் (2021-இல் வந்த 1.53 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் முடியும்). இரு கிளைகளும் ஒரே வகை மதிப்பைத் தரவேண்டும். 'எல்ஸ்' கிளையை மறந்து எண்ணை எதிர்பார்த்தால் கம்பைலர் நிறுத்திவிடும். மதிப்பில்லாத மாறி எங்கும் மிஞ்சுவதில்லை.

இவ்வளவு கண்டிப்புக்கும் நிரல் ஓடும்போது எந்தச் செலவும் இல்லை, ஏனெனில் வகைச் சோதனை முழுவதும் கம்பைலரோடு முடிந்துவிடுகிறது. செயலிக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் ஓர் ஒப்பீட்டுக் கட்டளையும், அதன் விடையைப் பார்த்துத் தாவும் கட்டளையும்தான், சி நிரலில் இருப்பதைப் போலவே. அங்கே உண்மையான செலவு தாவலில் இருக்கிறது: எந்தக் கிளை வரும் என்று செயலி முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கிவிடுகிறது, ஊகம் தவறினால் செய்ததைக் கைவிட்டு, பத்து இருபது கடிகாரச் சுழற்சிகளை (செயலியின் மிகச் சிறு நேர அலகுகளை) இழந்து, மறு கிளையிலிருந்து மீண்டும் தொடங்குகிறது.