'புஷ்' என்றால் புதர் இல்லை

1931 மார்ச் 21 அன்று சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குக் கிளம்பிய 'சதர்ன் கிளவுட்' என்ற பயணிகள் விமானம் எட்டுப் பேரோடு காணாமல் போனது. ஆஸ்திரேலியர்கள் அது 'புஷ்'ஷில் (bush) தொலைந்தது என்பார்கள். தமிழில் எழுதும்போது அதைப் 'புதருக்குள் மறைந்த விமானம்' ஆக்கிவிடுகிறார்கள். இதை எத்தனை முறை படிப்பது?

சொல்லின் கதை சின்னது. ஆங்கிலத்தில் 'புஷ்' புதர்தான். ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் அது காட்டையும், ஊரைத் தாண்டிக் கிடக்கும் நிலத்தையும் குறித்தது. தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்கள் காட்டுக்கு வழங்கிய சொல்லின் சாயல் இதில் ஏறியிருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

சரி, புதர் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறவர்களும் 'புதர்நிலம்' என்று ஒரு புதுச்சொல்லோடு வருகிறார்கள். இதுவும் தவறுதான். புதர்நிலம் என்றதும் இடுப்புயரச் செடிகள்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த விமானம் மோதியதோ ஸ்னோயி மலைத்தொடரில், நெடிய யூகலிப்டஸ் மரங்கள் மூடிய சரிவில். அதில் ரேடியோ கிடையாது. கிளம்பிய பிறகு புயல் பற்றிய புதிய கணிப்பு வந்தும் விமானிக்குச் சொல்ல வழியில்லை. நாள்கணக்கில் விமானங்கள் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. 1958 அக்டோபரில், அங்கே நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் நடந்து போகையில் தற்செயலாகக் கண்டார். மூன்று எஞ்சின் விமானம் ஒன்றை 27 ஆண்டு மறைத்து வைத்த இடத்தைப் புதர்நிலம் என்றால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்?

இன்னும் சிலர் 'வனாந்தரம்' என்கிறார்கள். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு அது பாலைவனம். எதற்கு இந்தச் சுற்று? 'காடு' என்ற நல்ல தமிழ்ச் சொல் கையிலேயே இருக்கிறது. காடு என்றால் அடர்ந்த மரங்கள் மட்டும்தான் என்று யார் சொன்னது? முட்காடு இருக்கிறது, கள்ளிக்காடு இருக்கிறது. கொங்குப் பக்கம் மானாவாரி நிலமே காடுதான். குட்டைச் செடிகள் மண்டிய இடத்தைத் தனியே சொல்ல வேண்டுமானால் ஈழத்தில் வழங்கும் 'பற்றைக்காடு' இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்வதால்தான் 'புதர்த்தீ' போன்றவை முளைக்கின்றன. காட்டுத்தீ என்று பாட்டி சொன்னாளே, அது போதாதா?

அப்புறம், 'புஷ்'ஷில் வாழ்கிறவரைக் காட்டுவாசி என்றும் எழுதக்கூடாது. ஆஸ்திரேலியாவில் 'புஷ்' நாட்டுப்புறத்தையும் குறிக்கும். நம் 'பட்டிக்காடு' என்ற சொல்லிலும் காடு அந்தப் பொருளில்தான் நிற்கிறது.