கால்வாய்க்கு அடியில் ஒரு குச்சி ஐஸ்

"பெர்லினில் மண்ணை உறைய வைத்து மெட்ரோ நிலையம் கட்டினார்களாமே, தண்ணீர் உறைந்தால் விரியுமே, மேலே இருக்கும் கட்டடம் தூக்கிக்கொள்ளாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். எல்லாம் மண்ணின் கையில்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் திறந்த மியூசியம்ஸின்சல் நிலையம், ஸ்பிரே ஆற்றின் கால்வாய்க்கு அடியில் இருக்கிறது. அங்கே இருப்பது நீரில் ஊறிய மணல். தோண்டத் தோண்டச் சரிந்து வழியும். அதனால் மண்ணுக்குள் குழாய்களைச் செருகி, கால்சியம் குளோரைடு உப்புக்கரைசலைச் சுற்றவிட்டார்கள். மைனஸ் 30 டிகிரியிலும் அது உறையாது. ஒவ்வொரு குழாயும் ஒரு குச்சி ஐஸ் மாதிரி. வாரக்கணக்கில் ஐஸ் தடித்து, பக்கத்துக் குழாயின் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கெட்டிப்பட்ட மண்ணின் காவலில்தான் நடைமேடைக் கூடத்தைத் தோண்டினார்கள்.

சரி, பள்ளியில் படித்த அந்த 9 சதவீத விரிவு? மணலில் இடைவெளிகள் பெரியவை. உறைபனி முன்னேற முன்னேற, மிஞ்சும் நீர் உறையாத பக்கமாக ஒதுங்கிவிடும். தொல்லை குறைவு.

வண்டல் மண்ணில் கதையே தலைகீழ். அங்கே மண் துகளுக்கும் ஐஸுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று பூஜ்யத்துக்குக் கீழும் உறையாமல் இருக்கும். ஐஸ் அந்தப் படலத்தின் வழியாக, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழிருந்து புது நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்த நீரெல்லாம் அடுக்கடுக்கான ஐஸ் தகடுகளாகி மண்ணைப் பிளந்து மேலே தள்ளும். 9 சதவீதமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

இதை நிரூபித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-ஐ ஒட்டி, அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர், தண்ணீருக்குப் பதில் பென்சீன் என்ற திரவத்தை மண்ணில் ஊறவைத்து உறையவிட்டார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் மேலே எழும்பியது! ஆக, குற்றவாளி விரிவு அல்ல, இழுப்பு. இன்று இதற்கு நிதி கேட்டுப் போனால், "பென்சீன் ஊறிய மண் எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டே திருப்பி அனுப்புவார்கள்.

அதனால்தான் பொறியாளர்கள் முதலில் மண்ணைச் சலித்துப் பார்க்கிறார்கள். வண்டல் மாதிரி நுண்மண் என்றால் வேகமாக உறைய வைப்பது நல்லது, நீரை இழுக்க ஐஸுக்கு அவகாசம் கிடைக்காது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் அங்கே கைகொடுக்கும், செலவுதான் எகிறும். அப்புறம் வேலை முடிந்து ஐஸ் உருகும்போது தகடுகள் இருந்த இடம் தளர்ந்து, எழும்பிய தரை கீழே இறங்கும். அதற்காக மண்ணுக்குள் சிமென்ட் பாலை அழுத்திச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள்.