வீட்டு லோன் கட்ட முடியலையா? பேங்க் தபாலை திருப்பி அனுப்பாதீங்க

எங்க தெருவுல ஒரு அக்கா, பேங்க்ல இருந்து வந்த தபாலை கையெழுத்து போடாம ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. வாங்கலைன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அப்புறம் பேங்க் ஆளே வந்து கதவுல ஒட்டி, போட்டோ எடுத்துட்டு போயிட்டார். சட்டப்படி அது கைல கொடுத்த மாதிரிதான்.

இ.எம்.ஐ. 90 நாளைத் தாண்டி நிலுவைல நின்னா வாராக்கடன். அடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை பேங்க் எடுத்துக்க வழி செய்யுற 2002 சர்ஃபாசி சட்டப்படி, 60 நாள் கெடு வெச்சு பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ். இந்த 60 நாளைத்தான் நம்மாளுங்க கோட்டை விடுறாங்க. பிராஞ்சுக்கு போனா மேனேஜர் லீவு, நாளைக்கு போனா ஃபைல் ரீஜனல் ஆபீஸ்ல இருக்கும்பாங்க, அங்க போனா பிராஞ்சுலதான் கேக்கணும்பாங்க, கடைசில ஒருத்தர் ‘கொஞ்சம் கட்டுங்க, பாத்துக்கலாம்’னு வாயால சொல்லுவார், இவங்களும் இருக்கிற வளையலை அடகு வெச்சு ரெண்டு தவணை கட்டிட்டு நிம்மதியா இருந்துடுவாங்க. நிலுவை மொத்தமும் கட்டினாத்தான் வாராக்கடன்லேர்ந்து கணக்கு வெளில வரும், அதுவரைக்கும் நாள் ஓடிட்டேதான் இருக்கும். அதனால உங்க ஆட்சேபணையை எழுத்துல கொடுங்க, 15 நாளுக்குள்ள காரணத்தோட பேங்க் பதில் சொல்லியாகணும்.

அப்புறம் பொசஷன் நோட்டீஸ், அதாவது வீட்டை பேங்க் சுவாதீனம் எடுத்துக்குதுங்கிற அறிவிப்பு. வீட்டுக்குள்ளதானே இருக்கோம்னு அசந்துடாதீங்க, பேப்பர்ல மட்டும் சுவாதீனம் எடுத்தாலும் 45 நாள் கணக்கு அப்பவே ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள கடன் மீட்பு தீர்ப்பாயத்துல மனு போடணும், சென்னை, கோவை, மதுரைல இருக்கு. முன்சீப் கோர்ட்டுல ஸ்டே வாங்கித் தர்றேன்னு யாராவது பணம் கேட்டா கொடுத்துடாதீங்க, இந்த விஷயம் சிவில் கோர்ட்டுக்கு போகாது.

பேங்க் வீட்டை ஏலம் விடுற அன்னைக்கு காலைல பணத்தோட போய் நின்னா வீட்டை மீட்டுடலாம்னு இன்னும் நிறைய பேர் நம்புறாங்க. சர்ஃபாசி சட்டத்துல 2016ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் அது இல்லை. ஏல அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே முழுப் பணமும் கட்டியிருக்கணும், சுப்ரீம் கோர்ட்டும் 2023ல அதையேதான் சொல்லிடுச்சு.

இவ்வளவு தூரம் போகாம இருக்கணும்னா தவணை தவறுறதுக்கு முன்னாடியே கேளுங்க. வட்டி ஏறும்போது இ.எம்.ஐ.யை கூட்டுறதா, வருஷத்தை நீட்டுறதான்னு உங்ககிட்ட கேக்கணும்னு 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, ஆனா கவுண்டர்ல தானா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. பேங்க் மேல புகார்னு ரிசர்வ் பேங்கோட குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேன்கிட்ட நேரா போனா மனு திரும்பி வந்துடும், முதல்ல பேங்குக்கு எழுதி 30 நாள் பாக்கணும்.

எந்த லெட்டர் கொடுத்தாலும் உங்க காப்பில சீலும் தேதியும் வாங்காம நகராதீங்க. வாங்க மாட்டேன்னா நேரா போஸ்ட் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட்ல போட்டு ரசீதை நோட்டீஸோடயே பின் பண்ணி வைங்க.