குப்புற மிதப்பவர் மீன்தான் பார்க்கிறாரா?

நீச்சல் குளத்தில் ஒருவர் கை கால் அசைக்காமல் குப்புற மிதந்தால் நாலு பேர் பதறிக் குதிப்பார்கள். பவளப்பாறைக்கு மேல் அதே கோலத்தில் மிதந்தால், "மீனை ரசிக்கிறார், விடுங்க" என்பார்கள். முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்தபடி வேடிக்கை பார்க்கும் ஸ்நார்கெலிங்கில் எனக்கு மிகப் பெரிய பயமே இதுதான்.

அவசர சிகிச்சை மருத்துவனாக, கரைக்குத் தூக்கி வரப்பட்டவர்களோடு வந்த உறவினர்களிடம் நான் அடிக்கடி கேட்ட வார்த்தை: "பக்கத்துலதான் இருந்தார் டாக்டர், சத்தமே போடலை." குழாயைக் கடித்துக்கொண்டு எப்படிச் சத்தம் போடுவது? மூழ்குபவர் கையை ஆட்டிக் கூப்பாடு போடுவதெல்லாம் சினிமாவில்தான்.

பிழைத்து வந்த ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், நன்றாக நீந்தத் தெரிந்தவர், பிபிக்கு மாத்திரை எடுப்பவர். "ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கலை, மூச்சு மட்டும் வாங்குச்சு" என்றார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அது கடல்நீர் இல்லை, அவர் உடம்பின் நீரேதான். தண்ணீரில் இறங்கியதும் கால்களில் இருக்கும் ரத்தம் அழுத்தத்தால் மார்புக்கு ஏறுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதோடு ஒடுங்கிய குழாய் வழியாக மூச்சைச் சிரமப்பட்டு இழுக்கும்போது, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்கிவிடலாம். இதய நோயும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மருத்துவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், கை கால் தளர்ந்தால், 'இன்னும் கொஞ்சம் பார்த்துட்டுப் போவோம்' என்று நினைக்கவே கூடாது. குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து படுத்துக் கையை உயர்த்துங்கள்.

இளைஞர்களின் கதை வேறு. கீழே போய்ப் பவளத்தைப் பார்க்க, வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிட்டுத் தம் கட்டி முங்குகிறார்கள். மூச்சு விடத் தூண்டுவது முக்கியமாக ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை மணி தாமதமாகும். மூளைக்கான ஆக்சிஜன் அதற்குள் தீர்ந்து, வலியோ தவிப்போ இல்லாமல் மயங்கிவிடுவார்கள். இயல்பாக ஓரிரு மூச்சு போதும்.

பதற்றத்தில் பவளத்தின் மேல் ஏறி நிற்பவர்களும் உண்டு. அது பாறை இல்லை, உயிருள்ள விலங்குகளின் கூட்டம். சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். பதிலுக்கு அது உங்கள் காலைக் கிழிக்கும். துணுக்குகள் உள்ளே தங்கினால் புண் ஆற வாரக்கணக்காகும். சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். கல்லைப் போலவே கிடக்கும், விஷ முள் கொண்ட கல் மீனை மிதித்துவிட்டால் காலைத் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் (45 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம்) வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

தனியாக இறங்காதீர்கள். ஒருவர் முங்கினால் மற்றவர் மேலே காத்திருக்க வேண்டும். சேர்ந்து மிதக்கும்போதும் நிமிடத்துக்கொரு முறை தோளைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் யோசிக்காமல் மல்லாக்கப் புரட்டுங்கள். மீன் பார்த்துக்கொண்டிருந்தவர் திட்டுவார். திட்டட்டும்.