மயலின்: உள்ளிருப்பதன் பெயரில் ஓர் உறை

பாடநூலில் 'மையலின் உறை' என்று பார்த்ததும் ஏதோ காதல் விவகாரம் போலிருக்கிறதே என்று நினைத்தவர்கள் இருப்பார்கள். தமிழ் மையலுக்கும் இதற்கும் உறவில்லை. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் படலத்துக்கு 1854-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ வைத்த 'மயலின்' என்ற பெயர்தான் இது. எலும்புக்குள் இருக்கும் மச்சையைக் கிரேக்கர்கள் 'மயலோஸ்' என்றார்கள். முதுகுத்தண்டுவடத்துக்கும் அதே சொல்தான். போலியோவின் முழுப்பெயரான போலியோமயலைட்டிஸுக்குள் இருப்பதும் இதுவே. நம் 'மூளை'யும் அப்படித்தான்: தலைக்குள் இருப்பதற்கும் எலும்புக்குள் இருப்பதற்கும் அகராதியில் ஒரே சொல்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருப்பதைக் குறித்த சொல், நரம்பிழையை வெளியே சுற்றிய கொழுப்புப் படலத்துக்குப் பெயராகிவிட்டது. தமிழில் 'உறை' சேர்த்துச் சொல்வதால் இடம் சரியாகிவிடுகிறது. 'நரம்புறை' என்றே சொல்லலாம் என்பது என் கட்சி.

இந்த உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அரிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பல இடங்களில் இறுகிய தழும்பு என்பது அதன் பொருள். 'தண்டுவட மரப்பு நோய்' என்ற தமிழ்ப்பெயர் எனக்கு அரைகுறையாகப் படுகிறது. மூளையும் பார்வை நரம்பும் கூடத்தான் பாதிக்கப்படுகின்றன.

அரிக்கப்பட்ட உறை மறுபடி வளரக்கூடும். அதுதான் 'மறுவுறையாக்கம்'. உறை நெய்யும் செல்களாக முதிர வேண்டிய இளஞ்செல்கள் பல புண்களில் இருக்கின்றன, ஆனால் முதிராமல் நின்றுவிடுகின்றன. ஏன்? ஆராயப்படும் காரணங்களில் ஒன்று 'ஆர்.என்.ஏ. மாற்றம்'. ஆர்.என்.ஏ. என்பது மரபணுவின் கட்டளையை எழுத்து வரிசையாகச் சுமக்கும் நகல். இந்தச் சொல்லாக்கம் குழப்பும், ஏனென்றால் எழுத்து வரிசை எதுவும் மாறுவதில்லை. அடினின் என்ற எழுத்தின் மீது மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஏறுகிறது, அவ்வளவே. புரதம் செய்யும் கட்டளையைக் கொண்டுபோகும் செய்தி ஆர்.என்.ஏ.வில் இந்தக் குறி இருப்பது 1974-லேயே தெரிந்தது. 'குறியேற்றம்' என்றால் பொருந்தும். 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆவது போல: எழுத்து அதுவே, வாசிப்பு வேறு.

குறியை ஏற்றும் நொதிக் கூட்டத்தில் மெட்டில்14 என்றொரு புரதம் உண்டு. உறை நெய்யும் செல் வழியில் மட்டும் அதை நீக்கிய சுண்டெலிகளில், இளஞ்செல்கள் எண்ணிக்கையில் குறையவில்லை. முதிர்ந்தவைதான் குறைந்தன, உறையும் மெலிந்தது. இது வளர்பருவத்தில் கண்டது. ஆனால் புண்ணில் பழுதுபார்ப்பு தடுக்கி நிற்பதும் அதே முதிர்ச்சிப் படியில்தான்.

ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழியுமென்று புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர் இடம் பார்த்து 'க'வா 'க்'கா என்று ஊகித்துக்கொள்வார். செல்லுக்கு அந்த ஊகம் வராது.