கூழ் புளிக்கும், கிரீமும் கெடும்

ராகி மாவு டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. அதே மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சி மூடி வைத்தால் மறுநாள் காலையில் புளிப்பு வாசம் தூக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடையில் சேர்ந்தது தண்ணீர், அவ்வளவுதான். வீட்டிலேயே முகத்துக்குக் கிரீம் செய்ய நினைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியலில் முக்கால்வாசி இந்தக் கூழ்ப்பானைக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு அது உறைத்தது ஒரு கண்ணாடிக் குப்பியால். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த சோற்றுக்கற்றாழையை வழித்து, ஓசூர் ரோஜா வாங்கி வந்து நானே இறக்கிய பன்னீரைக் கொஞ்சம் விட்டு, பாதாம் எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிச் சேர்த்து அடித்து வைத்தேன். மூன்று நாள் அருமையாக இருந்தது. நாலாம் நாள் மேலே வியர்த்த மாதிரி தண்ணீர் முத்துகள். ஒன்பதாம் நாள் மூடியைத் திருப்பினால் உள்பக்கம் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள், சுற்றிலும் பஞ்சு மாதிரி மெல்லிய நூல். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “மேல இருக்கறத வழிச்சிப் போட்டுட்டு அடியில இருக்கறத தடவிக்கோ கண்ணு” என்றார். அக்கா அன்பாகத்தான் சொன்னார், ஆனால் பூசணத்தின் நூல்கள் அடி வரைக்கும் இறங்கியிருக்கும், போதாததற்கு பாக்டீரியா ஒரு கிராமில் லட்சக்கணக்கில் இருந்தாலும் நிறமோ மணமோ மாறாமலே இருக்க முடியும். முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அந்தக் குப்பியில் நடந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்தது ஒன்று, பூசணம் பூத்தது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் பிரிந்ததைப் பார்ப்போம். எண்ணெயும் தண்ணீரும் சேராது, சரி. ஆனால் பாலில் கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றி மெல்லிய தோல் மாதிரி ஒரு உறை இருப்பதால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. மத்துப் போட்டுக் கடையும்போது அந்த உறை கிழிகிறது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன, வெண்ணெய் திரள்கிறது. கிரீம் செய்வது இதையே திருப்பிச் செய்வதுதான்: எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை போட்டுவிட வேண்டும். அந்த உறைதான் எமல்சிஃபையர். அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். தேன்மெழுகு இந்த வேலைக்குப் போதாது. அது எண்ணெயைக் கெட்டியாக்கும், கொஞ்சம் தண்ணீரைச் சில நாள் பிடித்து வைக்கும், அப்புறம் விட்டுவிடும். என் குப்பி வியர்த்தது அதனால்தான்.

100 கிராமுக்கு நான் இப்போது போடும் கணக்கு: தண்ணீர் 70, எண்ணெய் 20, எமல்சிஃபையிங் வேக்ஸ் (எமல்சிஃபையராக வேலை செய்யும் மெழுகு) 5, கிளிசரின் 4, பிரிசர்வேட்டிவ் (கிருமி பெருகாமல் தடுக்கும் பொருள்) 1. ஸ்பூன் கணக்கு உதவாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரும் வேண்டாம், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புகள் சில எமல்சிஃபையர்களைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. தண்ணீரில் கிளிசரினைக் கலந்து ஒரு கிண்ணத்திலும், எண்ணெயும் வேக்ஸும் இன்னொரு கிண்ணத்திலுமாக, கொதிக்கும் நீருக்குள் இறக்கி வைத்து 70 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று ஆறிப்போயிருந்தால் வேக்ஸ் அங்கேயே உறைந்து திப்பி திப்பியாகிவிடும். பிறகு ஒன்றை ஒன்றில் ஊற்றி பீட்டரால் அடித்தால், கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த இரண்டும் சில நொடியில் வெள்ளை வெளேரென்று மாறும். வெள்ளைப் பொருள் எதையும் நாம் போடவில்லை. பிறந்த கோடிக்கணக்கான துளிகளில் வெளிச்சம் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. எத்தனை முறை செய்தாலும் அந்த நொடிக்காக நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அடுத்தது பூத்தது. கற்றாழைச் சோற்றில் ஏறக்குறைய 98 சதவீதம் தண்ணீர், மீதியில் சர்க்கரைப் பொருள்கள். பூஞ்சைக்கு அது விருந்துச் சாப்பாடு. (இலையை வெட்டியதும் வழியும் மஞ்சள் பால் தோலில் அரிப்பு உண்டாக்கலாம், நிமிர்த்தி வைத்து வடியவிட்டுக் கழுவ வேண்டும்.) வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைப்பதும் போதாது. கிருஷ்ணகிரி ஆலைகளில் மாங்கூழைச் சூடாக்கிக் கிருமி புகாத பைகளில் அடைக்கிறார்கள், மாதக்கணக்கில் தாங்குகிறது, ஆனால் பையைத் திறந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். நாமோ கிரீம் டப்பாவைத் தினமும் திறந்து விரலை விடுகிறோம். ஃபிரிட்ஜ் கிருமி பெருகும் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

அதனால் பிரிசர்வேட்டிவ் என்றாலே முகம் சுளிக்க வேண்டாம். ஃபீனாக்சிஎத்தனால் அடங்கிய கலவைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1 சதவீதம். கிரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேர்ப்பது வழக்கம். தக்காளி சாஸில் போடும் சோடியம் பென்சோயேட்டும் உண்டு, ஆனால் அது அமிலத்தன்மை இருந்தால்தான் வேலை செய்யும், பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5-க்கு மேலே போனால் போட்டதும் ஒன்று போடாததும் ஒன்று. பிஎச் காகிதம் மலிவுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிகள் எந்த பிரிசர்வேட்டிவ் போட்டார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் தண்ணீரைச் சேர்த்து வைக்கவே இல்லை! பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் உலர்ந்த பொடியாக டப்பாவில் இருந்தன, குளிக்கும் முன் உள்ளங்கையில் குழைத்தார்கள், மிச்சத்தைக் கழுவி விட்டார்கள். நூற்றுக்கு நூறு சரியான முறை அது. குழைத்ததைக் குப்பியில் அடைத்து வைக்க நாம் ஆசைப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கிறது, எலுமிச்சை 2-ஐ ஒட்டி. பிஎச்சில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு, மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. அதோடு எலுமிச்சையில் உள்ள ஃபூரோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கக்கூடும், கொப்புளம் ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கலாம்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது தண்ணீரே இல்லாத தைலக்கட்டி. எண்ணெயும் மெழுகும் மட்டும் இருப்பதால் கிருமிக்குக் குடிக்கச் சொட்டு இல்லை, ஈர விரலை மட்டும் விடாமல் இருந்தால் சரி. இதற்கு நம் ஊரோடு உறவுள்ள ஒரு பொருள், மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு. ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் கொட்டைக்குள் இருப்பதுதான். பருப்பில் அது கொஞ்சமே இருப்பதால் வீட்டில் பிழிந்தெடுக்க முடியாது, மேங்கோ பட்டர் என்ற பெயரில் வாங்கித்தான் ஆக வேண்டும். உடம்புச் சூட்டில் இளகும், தோலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கும். அது ஈரத்தைக் கொண்டுவராது, இருப்பதை மட்டும் காக்கும், ஆகையால் முகம் கழுவித் துடைத்து லேசாக ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். பரு வருகிற முகம் என்றால் உதட்டோடும் கையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். யாராக இருந்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது நல்லது.

சித்திரை வெயிலில் மேங்கோ பட்டர் தனியாக நின்றால் மத்தியானம் எண்ணெயாகிவிடும். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதுதான் கட்டியைத் தாங்கும். கோடையில் நான் மெழுகு ஒரு பங்குக்கு எண்ணெயும் பட்டரும் சேர்த்து நாலு பங்கு போடுகிறேன். மார்கழியில், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிப் பக்கம் உதடு வெடிக்கும் அந்தக் குளிரில், அதையே ஆறு பங்காக்கினால்தான் விரலில் வழுக்கிக்கொண்டு வருகிறது.